ஹெரால்டுக்கு எவ்வளவு பிடி தாங்கும்?

பழைய வண்டிக்கு நல்ல டயர் தேடுகிறவர்கள் எல்லோரும் முதலில் பிடியைத்தான் கேட்கிறார்கள். எந்த டயர் ரோட்டை இறுக்கிப் பிடிக்கும், வளைவில் எது வழுக்காது என்றுதான் பேச்சு தொடங்கும். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் வைத்திருப்பவர் யாராவது இப்படிக் கேட்டால், வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து அதன் பின் அச்சை ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொல்வேன். அந்த அச்சு தாங்கக்கூடிய பிடிக்கு ஓர் எல்லை இருக்கிறது. டயர் அதைத் தாண்டினால் வண்டி கவிழப் பார்க்கும்.

எங்கள் வீடு குலசேகரம் பக்கம். வண்டி மாமாவுடையது. இரண்டு கதவு ஹெரால்டு, 948 சிசி எஞ்சின். 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் நிறுவனம் வெளியிட்ட கார் அது. உருவம் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்தது. 1961-இலிருந்து சென்னையை அடுத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் நம் ஊர்க்காரர்கள் கையால் தயாரானது. இதைக் குடும்பக் கார் என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஹெரால்டின் எலும்பிலிருந்து பிறந்தது. முன்பக்கம் சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் கவைக்கைகளான இரட்டை விஷ்போன், பல்சக்கரமும் பல்தண்டும் சேர்ந்த ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் முன்சக்கரங்கள். அந்தக் காலத்தில் நம்மிடம் ஓடிய வேறெந்த வண்டியும் ஸ்டீயரிங்கில் இப்படி உயிரோடு பேசாது. லோட்டஸ் நிறுவனமே தன் சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு டிரையம்ஃபின் முன்பக்க அப்ரைட்டை, அதாவது சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டை, வாங்கிப் பொருத்தியது. சோழவரம் ஓடுதளத்துப் பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடியதுண்டு. அதனால் இதற்கு டயர் தேடும்போது ஸ்போர்ட்ஸ் காருக்குத் தேடுகிற அக்கறையோடுதான் தேடவேண்டும் என்பது என் கட்சி.

பின்பக்கம்தான் சிக்கல். அதற்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர். எஞ்சின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் நடுவில் சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, இறுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வோர் அரை அச்சு. அவை உள்முனையில் மட்டும்தான் மடங்கும். வெளிமுனையில் சக்கரம் அச்சோடு செங்குத்தாக நிலைத்திருக்கும். மேலே குறுக்காக ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டைகளை அடுக்கிய வில். நேர்ச் சாலையில் இந்த அமைப்பு அருமையாக ஓடும், பள்ளத்தில் ஒரு சக்கரம் விழுந்தால் மற்றதற்குத் தெரியாது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தை ரோடு உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் அச்சின் வழியாக நடு மூட்டுக்குப் போய் வண்டியின் பின்புறத்தை மேலே தூக்குகிறது. பின்புறம் உயர்ந்தால் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும். டயர் தன் ஓரத்தில் நிற்கும், பிடி சட்டென்று போகும். அந்த நேரம் பார்த்து பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னும் மோசம். எடை முன்னால் போய்ப் பின்புறம் மேலும் எழும்பும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தள்ளலைத் தருவது டயரின் பிடி. பிடி கூடினால் தள்ளல் கூடும், தள்ளல் கூடினால் தூக்கல் கூடும். பிடி குறைந்த டயர் போட்ட வண்டி வளைவில் மெல்ல வழுக்கி வெளியே போகும். அதே வண்டியில் ஒட்டிப் பிடிக்கும் டயரைப் போட்டால் அது வழுக்காமல் நின்று, நின்று, பிறகு ஒரே நொடியில் பின்காலை மடக்கிக்கொள்ளும். டிரையம்ஃபுக்கும் இது தெரிந்திருந்தது. 1966-இல் வந்த ஆறு சிலிண்டர் ஜிடி6-இல் பின்பக்கம் பற்றிய புகார் அதிகமானதால் 1968-இல் அமைப்பையே மாற்றினார்கள். ஸ்பிட்ஃபயருக்கு 1970-இல், வளைவில் லீஃப் ஸ்பிரிங்கின் பெரும்பகுதி நடுவில் சாய்ந்தாடும்படி செய்து தூக்கலைக் குறைத்தார்கள். நம் ஊரில் 1972-இல் ஸ்டாண்டர்ட் கொண்டுவந்த கெசல் கார், ஸ்விங் ஆக்சிலையே விட்டுவிட்டு சாதாரண நேர் அச்சுக்குப் போனது. எங்கள் ஹெரால்டுக்கு இந்த மாற்றங்கள் எதுவும் வரவில்லை. ஆகவே இதை டயராலும் காற்றாலும்தான் சமாளிக்கவேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்து ரோடுகளை அறிந்தவர்களுக்கு ஏன் இவ்வளவு கவலை என்று விளக்கவேண்டியதில்லை. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் வாங்கும் மண் இது. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் நனையலாம். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் ரப்பர் தோட்டங்களுக்குள் ரோடு வளைந்து வளைந்து போகும். வெயில் தரையில் படாத இடங்களில் மழை விட்டு வெகுநேரம் ஆன பிறகும் ஈரம் இருக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். பனியில் ஊறிய அந்த இலைகளின்மேல் எந்த டயரும் ஒன்றுதான். இந்தப் பக்கம் இப்படியென்றால், முட்டம், குளச்சல் கடற்கரை ரோட்டில் காற்று கொண்டுவந்து போட்ட மணல். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று ஆடி மாதத்தில் 800 கிலோ வண்டியைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். காய்ந்த ரேஸ் தளத்தில் நொடியைக் குறைக்கிற டயர் நமக்கு எதற்கு? ஈரத்தில் தண்ணீரை வெளியே தள்ளி, வழுக்கப்போவதை முன்கூட்டியே ஸ்டீயரிங்கில் சொல்லும் டயர்தான் இங்கே உயர்ந்த டயர்.

மார்த்தாண்டத்தில் நான் போகும் டயர்க்கடை அண்ணாச்சிக்கு இதில் வேறு எண்ணம். "மக்கா, ஒனக்க வண்டிக்கு 175 போடு. பாக்கதுக்கு லெட்சணமா இருக்கும், ரோட்டையும் நல்லா பிடிக்கும் கேட்டியா" என்றார். 175/70 ஆர்13 (அகலம் 175 மிமீ, பக்க உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 13 அங்குலம்) என்பது ஒரு காலத்தில் ஹூண்டாய் ஆக்சென்டில் வந்த அளவு. விட்டம் கணக்குப் போட்டால் 575 மிமீ, ஹெரால்டுக்கு ஒத்துவரும் எண்தான். ஆனால் ஹெரால்டின் ரிம் அகலம் மூன்றரை அங்குலம். 175/70 டயருக்குக் குறைந்தது நாலரை அங்குல ரிம் வேண்டும். சின்ன ரிம்மில் அதை ஏற்றினால் டயரின் அடி நடுவில் புடைக்கும், பக்கச் சுவர்களான சைடுவால் இரண்டும் உள்ளே சாய்ந்து நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ரிம் முதலில் நகரும், டயர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் வரும். காலுக்குப் பெரிய செருப்பு போட்டு மலையிறங்குவது மாதிரி. "அண்ணாச்சி, ரிம்மு மூணரைதான்" என்றேன். டேப்பை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, "அப்ப 145-தான்டே" என்று ஒரு நொடியில் ஒப்புக்கொண்டார். அளவைப் பார்த்ததும் கட்சி மாறுகிற மனிதர்களிடம்தான் டயர் வாங்கவேண்டும்.

ரிம்மையே மாற்றினால் என்ன என்று கேட்பார்கள். பின்னாள் ஸ்பிட்ஃபயரில் நாலரை அங்குல ரிம் உண்டு, அதில் 155 டயர் சரியாக உட்காரும். அது கிடைத்தால் நல்லது. உள்ளூரில் கிடைக்கும் எந்த ரிம்மையாவது போடலாம் என்றால் போல்ட் வட்டம் ஒத்துவராது. ஹெரால்டுக்கு நான்கு போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 95.25 மிமீ. மாருதி 800-க்கு 114.3. இடையில் அடாப்டர் தட்டு வைத்துப் பொருத்தித் தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் அந்த மெலிந்த அச்சுக்கும் பேரிங்குக்கும் நெம்பல் கூடும்.

ஆக, 145/80 ஆர்13. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இதற்கு 5.20-13 கிராஸ்பிளை டயர், உள்ளே நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று சாய்வாகக் குறுக்கிடும் பழைய வகை. நூல்கள் விளிம்புக்கு விளிம்பு நேராக ஓடும் இன்றைய வகையான ரேடியலில் அதற்கு நேரான அளவு 145 தான். வேகன் ஆர் வந்த அளவு இது, அதனால் நம் ஊரில் கிடைப்பதில் கஷ்டமில்லை. லோட் இண்டெக்ஸ் 75 என்றால் ஒரு டயர் 387 கிலோ தாங்கும். நான்கு பேர், கோயில் பூஜைக்கு ஒரு கூடை தேங்காய் என்று ஏற்றினாலும் போதும். வேகக்குறி டி (T) என்றால் மணிக்கு 190 கிமீ. ஹெரால்டு அந்த வேகத்தைக் கனவிலும் தொடாது.

ஐரோப்பாவில் பழைய கார்களுக்கென்றே பழைய முகத்தோடும் புதிய ரப்பரோடும் டயர் செய்கிறார்கள். மிஷ்லின், பிரெல்லி இரண்டும் செய்கின்றன. வ்ரெட்ஸ்டைன் ஸ்பிரிண்ட் கிளாசிக் என்று ஒன்று உண்டு, அந்த நிறுவனம் 2009-லிருந்து நம் அப்பல்லோவின் கையில். வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினரிடம் நான்கு சொல்லிவிடலாம் என்ற ஆசை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் வரும், வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறாரே. ஆனால் 2020 ஜூனிலிருந்து புது டயர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று ஒன்றிய அரசு ஆக்கிவிட்டது. ஐஎஸ்ஐ முத்திரைக் கட்டாயம் வேறு. அதனால் கடையில் கிடைக்கும் சாதாரண டயர்களுக்குள்ளேயே நல்லதைத் தேடிப் பிடிப்பது என்று முடிவெடுத்தேன். இதில் எனக்கு வருத்தமே இல்லை. மேலே சொன்ன தூக்கல் கணக்கைப் பார்த்தால், நடுத்தரப் பிடியுள்ள டயர்தான் இந்த அச்சுக்குப் பொருத்தம்.

ஒரே அளவில் நான்கைந்து டயர் கடையில் இருக்கும்போது எதைப் பார்ப்பது? முதலில் தயாரிப்புத் தேதி. சைடுவாலில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2324 என்றால் 2024-ஆம் வருடம் 23-ஆம் வாரம். அடுத்து பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டங்கள். சுற்றுவட்டமாக அகலமான இரண்டு மூன்று பள்ளம் ஓடி, அவற்றிலிருந்து ஓரம் வரைக்கும் கிளைப் பள்ளம் திறந்து போகிறதா என்று பார்ப்பேன். ஓரத்துப் பட்டன் மூடியிருந்தால் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. பிறகு கட்டைவிரலால் பட்டனை அழுத்தி அசைத்துப் பார்ப்பது. நகம் கொஞ்சம் பதியவேண்டும்.

இந்த ரப்பரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் என்னால் நகரமுடியாது, வீட்டுக்குப் பின்னாலேயே தோட்டம் இருப்பதால். விடியலில் பால் வெட்டி, சிரட்டையில் ஒழுகியதை எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் நசுக்கி, புகைப்புரையில் தொங்கவிட்டுக் காயவைக்கும் ஷீட் எங்கே போகிறது என்று சிறுவயதில் கேட்டால் "டயருக்கு" என்பார்கள். உண்மைதான். ஆனால் டயரின் எந்த இடத்துக்கு என்பது முக்கியம். இயற்கை ரப்பரை இழுத்தால் அதன் இழைகள் வரிசையாகப் படிகமாகி இறுகிக்கொள்ளும், அதனால் எளிதில் கிழியாது. ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும்போது சூடும் குறைவாகவே ஆகும். லாரி டயருக்கு அது பெரிய வரம். கார் டயரிலும் உள்ளுறுப்பும் சைடுவாலும் அதை நம்பியே இருக்கின்றன.

ரோட்டைத் தொடும் பட்டனில் மட்டும் கதை வேறு. ஈர ரோட்டில் பிடி வேண்டுமென்றால் ரப்பர் தரையின் நுண்ணிய கற்களின்மேல் அமுங்கி, உடனே துள்ளாமல், கொஞ்சம் மந்தமாக மீளவேண்டும். அந்த மந்தத்தில்தான் ஆற்றல் செலவாகிப் பிடி பிறக்கிறது. நம் தோட்டத்து ரப்பர் துள்ளல் அதிகமுள்ளது. அதனால் கார் டயரின் பட்டனில் செயற்கை ரப்பர்தான் பெரும்பங்கு, ஸ்டைரீன் பியூட்டடையீன் என்று பெயர். 1992-இல் மிஷ்லின் கார்பன் கரியில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு சிலிக்காவைச் சேர்த்தது. உருளும்போது வீணாகும் ஆற்றலும் குறைந்தது, ஈரப்பிடியும் கெடவில்லை. அதுவரை ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும் என்றிருந்த நிலை அது. இன்று கடையில் கிடைக்கும் சாதாரண 145 ரேடியலில்கூட அந்தக் கண்டுபிடிப்பின் பயன் இருக்கலாம். ஹெரால்டு பிறந்த காலத்துச் சாதாரண டயரைவிட அது மழையில் நன்றாக நிற்கும்.

மாமாவின் வண்டியில் கிடந்த பழைய டயர்களில் பட்டன் நிறைய இருந்தது. எல்லோரும் "இன்னும் ஓடும்" என்றார்கள். ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் வருடக்கணக்கில் செய்கிற வேலை அது. சைடுவாலில் தலைமுடி போல வெடிப்பு ஓடியிருந்தால் பட்டன் முழுதாக இருந்தாலும் கழற்றிவிடவேண்டும். மாற்றும்போது நான்கையும் ஒன்றாக மாற்றவேண்டும். முன்னால் ரேடியலும் பின்னால் கிராஸ்பிளையும் போடுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை, அதுவும் ஸ்விங் ஆக்சிலில். டியூப் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும். பழைய ரிம்மில் டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு கிடையாது. ரேடியலுக்கென்று உள்ள டியூப் வாங்கிப் போடுங்கள்.

சரி, டயர் ஏறிவிட்டது. இனிதான் உண்மையான வேலை. பஞ்சர் கடைப் பையன்கள் எந்தக் காரைக் கண்டாலும் நான்கிலும் காற்று 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துவிடுவார்கள். ஹெரால்டுக்கு அது ஒத்துவராது. ரேடியல் போட்ட ஸ்பிட்ஃபயருக்குக் கையேடு சொன்ன கணக்கு முன்னால் 21, பின்னால் 26 பிஎஸ்ஐ. எஞ்சின் முன்னால் இருக்க, பின்னால் ஏன் அதிகம் என்று எல்லோரும் கேட்பார்கள். காற்று குறைந்த முன் டயர் வளைவில் கூடுதலாக முறுக்கிக்கொண்டு, திருப்பிய அளவுக்குப் போகாமல் சற்று வெளியே ஓடும். காற்று கூடிய பின் டயர் விறைப்பாக நிற்கும். அதாவது எல்லையை முதலில் தொடுவது முன்பக்கம். முன்பக்கம் வழுக்கினால் ஸ்டீயரிங் கனம் குறைந்து கையில் தெரியும், வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து மீண்டுவிடலாம். பின் அச்சு மடங்கும் கட்டம் எளிதில் வராது. அந்த ஐந்து பிஎஸ்ஐ வித்தியாசம்தான் பொறியாளர்கள் ஓட்டுநருக்குக் கொடுத்த பாதுகாப்பு. நான்கிலும் 32 அடித்தால் அது அழிந்துபோகும்.

அந்த எண்ணில் தொடங்கி, ஒரு தெரிந்தவரின் ரப்பர் கிடங்குக்கு முன்னால் உள்ள சிமென்ட் முற்றத்தில், ஆளில்லாத நேரத்தில், தண்ணீர் தெளித்து வட்டம் சுற்றிப் பார்த்தேன். வேகம் வேண்டாம், சைக்கிளை மிஞ்சும் வேகம் போதும். ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டே மெல்ல வேகத்தைக் கூட்டும்போது எந்த முனை முதலில் விலகுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு பிஎஸ்ஐ ஆகத்தான் மாற்றவேண்டும், ஒரு நேரத்தில் ஒரு முனையில் மட்டும். பொதுரோட்டு வளைவில் இதைச் செய்யாதீர்கள்.

டயரின் ஓரத்தில், பட்டனிலிருந்து சைடுவால் வரை சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்வதும் உதவும். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் சாய்ந்திருக்கிறது. பட்டன் முடிந்து சைடுவால் தொடங்கும் அந்த விளிம்பில் நிற்கவேண்டும். சைடுவாலுக்குள் இறங்கியிருந்தால் காற்று போதாது. விளிம்பையே தொடவில்லை என்றால் காற்று அதிகம், அல்லது நீங்கள் நிதானமாக ஓட்டுகிறவர். லேசர் வெப்பமானி வைத்திருப்பவர்கள் ஓட்டிய உடனே பட்டனின் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் அளக்கலாம். நடு மட்டும் அதிகச் சூடு என்றால் காற்றைக் குறைக்கவும், இரண்டு ஓரமும் சூடு என்றால் கூட்டவும். இதெல்லாம் செய்துபார்த்து நான் நிற்பது முன்னால் 22, பின்னால் 27. பின் இருக்கையில் ஆளிருந்தால் பின்னால் 30.

காலையில், வண்டியை வெயிலுக்கு எடுக்குமுன் அளக்கவேண்டும். 26 பிஎஸ்ஐ உள்ள டயர் 10 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட 1.4 பிஎஸ்ஐ ஏறிவிடும். ஒரு பக்கம் வெயிலில் நின்ற வண்டியை அளந்து சரிசெய்தால் இடது வலது மாறிப்போகும். சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்கிக்கொள்வது இந்த விஷயத்தில் செய்யக்கூடிய மிக மலிவான நல்ல காரியம்.

குறைந்த காற்றுக்கு ஒரு விலை உண்டு, அது மழையில் தெரியும். தேங்கிய நீரின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு அமெரிக்காவில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டார்கள். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். பட்டன் தேய்ந்த டயரும் ஆழமான நீரும் இருந்தால் 21 பிஎஸ்ஐக்கு அது சுமார் 76 கிமீ, 26-க்கு 85 கிமீ. நல்ல பட்டனும் 145 என்ற மெல்லிய அகலமும் அந்த எல்லையை மேலே தள்ளும். அகலம் குறைந்த டயர் தண்ணீரைக் கிழித்துப் போகும், அகலமானது ஏறி மிதக்கும். ஆனாலும் தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து நெடுஞ்சாலையில் பெருமழையில் நான் 60-ஐத் தாண்டுவதில்லை. சட்டம் கேட்பது 1.6 மிமீ பட்டன். நான் 3 மிமீ ஆனதும் மாற்றிவிடுவேன்.

சக்கரங்களின் சாய்வையும் திசையையும் சரிபார்க்கும் அலைன்மென்ட் பற்றி ஒன்று மட்டும். ஸ்விங் ஆக்சில் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி இறக்கினால் பின்சக்கரங்கள் உள்ளே மடங்கிய நிலையிலேயே நிற்கும். டயரின் உராய்வு அவற்றை விரியவிடாது. அந்த நிலையில் கம்ப்யூட்டர் அளந்தால் அத்தனை எண்ணும் பொய். ஒரு கடையில் அப்படித்தான் அளந்து, பின் அச்சு வளைந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். வண்டியை முன்னும் பின்னும் சில அடி உருட்டி, பின்புறத்தை இரண்டு முறை அமுக்கி விட்டபின் அளக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஒரு மூட்டையும் வையுங்கள். பின்சக்கரங்கள் மேல்பக்கம் சற்று உள்ளே சாய்ந்து நிற்பது இந்த அச்சுக்கு நல்லது. பழைய லீஃப் ஸ்பிரிங்கை மாற்றும்போது "புதுசு, நல்லா தூக்கி நிக்கும்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் வாங்காதீர்கள். தூக்கி நிற்பதுதான் இதன் நோய்.

புது டயர் போடும் நாளிலேயே முன்பக்கம் கீழே உள்ள டிரன்னியனையும் கவனித்துவிடுங்கள். பித்தளைக் கட்டையில் மரை போட்டு அதில் அப்ரைட் திரும்பும் மூட்டு அது. கிரீஸ் அடித்தால் உள்ளே போய்ச் சேராது, ஈபி 90 கியர் ஆயில்தான் விடவேண்டும். காய்ந்து துருப்பிடித்தால் அப்ரைட் முறிந்து சக்கரம் அப்படியே படுத்துவிடும். டயரின் பிடி கூடும்போது அதன்மேல் விழும் பாரமும் கூடுகிறது. என் வண்டியில் இரண்டு பக்கமும் கழற்றி, சுத்தம் செய்து, ஆயில் விட்டபிறகுதான் டயரை ஏற்றினேன். ஸ்டெப்னிக்கும் ஐந்தாவதாக அதே டயர்தான் வாங்கினேன். அடுத்து பின் ஷாக் அப்சார்பர்களை மாற்றவேண்டும். அவை மாறினால் 22-27 கணக்கையும் மறுபடி முதலிலிருந்து பார்க்கவேண்டியிருக்கும்.